சின்னக் காரில் நைட்ரஸ்: பெட்ரோலை மறந்தால் பிஸ்டன் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதற்காகப் பாட்டிலில் அடைத்து எஞ்சினுக்குள் விடப்படும் நைட்ரஸ் ஆக்சைடை உங்கள் மோட்டார் பக்கத்தில் வந்த கட்டுரை ‘எளிதில் தீப்பிடிக்கும் வாயு’ என்கிறது. பார்க்கச் சின்னப் பிழைதான். ஆனால் அதை நம்பி ஒருவர் தன்னுடைய 1.2 லிட்டர், 1.6 லிட்டர் காரில் பாட்டிலை மாட்டினால், பயப்பட வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, தேவையில்லாத இடத்தில் பயந்துகொண்டிருப்பார். எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் சின்னக் காரை மனத்தில் வைத்து, எஞ்சின் டியூனிங் வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

நைட்ரஸ் தானாக எரியாது. எரிகிற பொருளுக்குத் தீனி போடும். காற்றில் எடைக்கணக்கில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36 சதவீதம். எஞ்சினுக்குள் போய் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடானதும் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. திரவமாகப் பீய்ச்சப்பட்டு ஆவியாகும்போது கூடவே போகிற காற்றையும் குளிரவைத்து அடர்த்தியாக்குகிறது. அந்த அடர்த்தி இனாமாக வருவது. சக்தி வருவது, இப்படிக் கிடைத்த ஆக்சிஜனில் கூடுதலாக எரிகிற பெட்ரோலால். அந்தப் பெட்ரோல் வராமல் நைட்ரஸ் மட்டும் போனால்? கேஸ் கட்டிங் செய்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். இரும்புத் தகடு சிவக்கும்வரை பொறுமையாகச் சூடேற்றுவார். பிறகு ஆக்சிஜன் லீவரை அழுத்துவார். தகடு அறுந்துகொண்டே போகும். பெட்ரோல் குறைந்த எஞ்சினில் பிஸ்டன் தலைக்கு நேர்வதும் ஏறக்குறைய அதேதான். முதலில் பிளக்கின் முனை கரையும். கலவை தாறுமாறாக வெடிக்கும் ‘நாக்கிங்’ அடித்து, ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு நொறுங்கும். அதற்கும் விடாமல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும். மெக்கானிக்குகள் ‘லீன்’ என்று சொல்வது இந்த நிலையைத்தான். கீழே நாங்கள் சொல்லும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, நைட்ரஸ் போகும்போது பெட்ரோலும் போகிறதா என்று பார்ப்பதற்கானவை.

எவ்வளவு பெட்ரோல்? 50 குதிரைத்திறன் கூட்டும் ஜெட் (போகும் அளவை முடிவு செய்யும் சிறு துளை), வினாடிக்கு ஏறத்தாழ 18 கிராம் நைட்ரஸை விடும். அதற்கு ஈடாக வினாடிக்கு 3 கிராமுக்குச் சற்று மேல் பெட்ரோல் வேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் 15 லிட்டர். முழு ஆக்சிலேட்டரில் 100 குதிரைத்திறன் தரும் எஞ்சின் தன் பாட்டுக்குக் குடிப்பது மணிக்கு 30 லிட்டர் அளவு. அதாவது பல வருடமாக டேங்கில் கிடக்கும் ஃப்யூயல் பம்பையும் மாற்றாத ஃபில்டரையும் பார்த்து, ‘இன்னொரு பாதி சேர்த்துக் கொடு’ என்கிறோம். ஐடிலில் வைத்துப் பிரஷர் பார்த்துவிட்டு ‘பம்ப் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதில் பொருளில்லை. மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏறும்போது கேஜில் முள் இறங்காமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நைட்ரஸ் இல்லாமலே அங்கே கால் பார் (‘பார்’ என்பது அழுத்தத்தின் அளவு) இறங்கினால், பம்பையும் ஃபில்டரையும் மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

எஞ்சினுக்கும் முன்கூட்டியே, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் ஒன்று வேண்டும். நான்கு சிலிண்டருக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஆயில் குடித்தாலோ, ஹெட் கேஸ்கெட் கசிந்தாலோ, அந்தக் காருக்கு நைட்ரஸ் வேண்டாம். சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் உள்ள காருக்கும் வேண்டாம் என்போம். அதன் பெல்ட்டுக்கு முறுக்குவிசை திடீரென்று எகிறுவது ஒத்துக்கொள்ளாது. சரியான கம்ப்ரெஷனோடு இருக்கும் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 35 குதிரைத்திறனில் ஆரம்பித்து 50-இல் நிறுத்திக்கொள்ளலாம். 1.2 லிட்டருக்கு 35-க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 75 ஜெட்டும் அதே பெட்டியில் கிடக்கும், கை அரிக்கும். வார்ப்பு பிஸ்டனையும் மெலிந்த கனெக்டிங் ராடையும் வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் இருப்பதே லாபம்.

பொருத்தும் முறையில் இரண்டு வகை. உலர் முறையில் நாசில் (பீய்ச்சும் முனை) நைட்ரஸை மட்டும் விடும். கூடுதல் பெட்ரோலைக் காரின் சொந்த இன்ஜெக்டர்களே தர வேண்டும். ஈர முறையில் ஒரே நாசில் நைட்ரஸையும் பெட்ரோலையும் சேர்த்துப் பீய்ச்சும். பழைய உலர் கிட்டுகள் ஃப்யூயல் ரெகுலேட்டரை நைட்ரஸ் அழுத்தத்தால் தள்ளிப் பெட்ரோல் பிரஷரைக் கூட்டின. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும், ரிட்டர்ன் குழாய் இல்லாத இன்றைய கார்களில் அது நடக்காது. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவைத் திருத்தி எழுத ஆள் இல்லாவிட்டால் ஈர முறையே வழி. அதிலும் கிட்டோடு வரும் பெட்ரோல் ஜெட் எந்த பிரஷருக்குக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். 3 பாருக்கான ஜெட்டை 4 பார் ஓடும் காரில் போட்டால் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். 4 பாருக்கானதை 3 பாரில் போட்டால் லீன். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயில் கை வைக்கவே கூடாது. அங்கே 100 பாருக்கும் மேல் ஓடும். டேங்க் பம்புக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவே உள்ள குழாயில்தான் பெட்ரோல் எடுக்க வேண்டும்.

நாசில், காற்றளவு சென்சாரைத் தாண்டி, காற்றின் வரத்தைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் முன்னால், வாய் த்ராட்டிலைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சென்சாருக்கு முன்னால் வைத்தால் அதன் கணக்கே கெட்டுவிடும். சின்னக் கார்களின் இன்டேக் மேனிஃபோல்டு பெரும்பாலும் பிளாஸ்டிக். காற்று மட்டும் போவதற்காக வளைத்து நெளித்துச் செய்தது. காற்று மெதுவாகப் போகும் வேகத்தில் பெட்ரோலைப் பீய்ச்சினால் அது பள்ளத்தில் குட்டையாகத் தேங்கும். பிறகு தீ திரும்பி அடிக்கும் பேக்ஃபயர் ஒன்று வந்தால் மேனிஃபோல்டு துண்டு துண்டாகப் பேனட்டுக்கு அடியில் கிடக்கும். ‘நைட்ரஸ் வெடித்தது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான்.

குறைந்த ஆர்பிஎம்மில் பீய்ச்சக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நைட்ரஸ் ஜெட் வினாடிக்கு இவ்வளவு என்று ஒரே சீராக விடும். எஞ்சின் வேகம் அதற்குத் தெரியாது. 50 குதிரைத்திறன் 6000 ஆர்பிஎம்மில் என்றால் கூடுதல் முறுக்குவிசை 59 நியூட்டன் மீட்டர். அதே 50 குதிரைத்திறன் 3000-இல் 119. 2000-இல் 178. சாதாரண 1.6 லிட்டர் எஞ்சின் தன் உச்சத்திலேயே தருவது 150 நியூட்டன் மீட்டர் அளவுதான். 2000 ஆர்பிஎம்மில் பொத்தானை அமுக்குகிறவர், ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்று மடங்கு நைட்ரஸைத் திணித்து, கனெக்டிங் ராடை வில்லாக வளைக்கிறார். அதனால், குறித்த இரு வேக எல்லைகளுக்குள் மட்டும் நைட்ரஸை விடும் ஆர்பிஎம் விண்டோ சுவிட்ச் கட்டாயம். கீழ் எல்லை 3000. மேல் எல்லை, எஞ்சின் வேகம் மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டருக்கு 300, 400 ஆர்பிஎம் முன்னால். லிமிட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிடும், ஆனால் நைட்ரஸ் சொலினாய்டு (கரண்டில் திறக்கும் வால்வு) திறந்தபடியே நிற்கும். அந்த அரை வினாடியும் எஞ்சினுக்கு ஆபத்துதான்.

ஒயரிங்கில் ஒரே கொள்கை: எல்லாத் திசையிலிருந்தும் அனுமதி வந்தால்தான் சொலினாய்டு திறக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை மட்டும் வைத்து நேராகச் சொலினாய்டுக்கு இழுப்பது சினிமாவுக்குச் சரி. பேட்டரி அருகே ஃபியூஸ். அங்கிருந்து ரிலே வழியாகச் சொலினாய்டுகள், ஏனெனில் அவை ஒவ்வொன்றும் 10 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடும், சின்ன சுவிட்ச் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலேயின் காயிலுக்குப் போகும் கரண்ட், சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து புறப்பட்டு, மூடியுள்ள மெயின் சுவிட்ச், முழு த்ராட்டில் சுவிட்ச், விண்டோ சுவிட்ச், ஃப்யூயல் பிரஷர் சுவிட்ச் ஆகிய நான்கையும் வரிசையாகக் கடந்து வர வேண்டும். நான்கில் ஒன்று மறுத்தாலும் நைட்ரஸ் நிற்கும். பெட்ரோல் பிரஷர் இறங்கினால் சட்டென்று அறுத்துவிடும் அந்தக் கடைசிச் சுவிட்சை, விலைக்குப் பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில் கார்களில் பெடலுக்கு அடியில் சுவிட்ச் வைக்காதீர்கள். நீங்கள் முழுக்க மிதித்தாலும் ஈசியூ த்ராட்டிலைப் பாதியில் வைத்திருக்கலாம். த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜைப் படித்து வேலை செய்யும் சுவிட்ச் வேண்டும்.

பிளக் ஒரு படி குளிர்ந்த ரகமாக (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவதாக), முனை ரொம்ப நீட்டிக்கொண்டிராததாக இருக்கட்டும். இடைவெளி 0.8 மில்லிமீட்டர். 50 குதிரைத்திறனுக்கு இக்னிஷன் டைமிங்கை 2 டிகிரி தாமதப்படுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத எஞ்சினில் இதற்கு ஈசியூ திருத்தமோ தனி மாட்யூலோ தேவை. நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. அது நாக்கிங் நடந்த பிறகு விழிக்கும் காவல்காரன். கிடைப்பதில் அதிக ஆக்டேன் பெட்ரோலை ஊற்றுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு சோதனை. பாட்டில் வால்வை மூடியே வைத்துவிட்டு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெட்ரோல் சொலினாய்டுக்கு மட்டும் நேராக ஒரு கணம் கரண்ட் கொடுங்கள். எஞ்சின் திணறி இறங்க வேண்டும். பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது சொலினாய்டு திறக்கவில்லை. அந்த நிலையில் பாட்டிலைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மேலே எழுதிவிட்டோம்.

ஜெட் எப்படி அடைக்கிறது? பெரும்பாலும் வெள்ளை டெஃப்லான் டேப்பால். குழாய் வேலைப் பழக்கத்தில் மரைமேல் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்குவார்கள். முறுக்கும்போது முதல் மரையில் ஒரு நூல் பிய்ந்து உள்ளே தொங்கும். 60 பார் அழுத்தம் அதைச் சொலினாய்டு மூடி உட்காரும் ரப்பர் இருக்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இருக்கையில் ஒட்டினால் சொலினாய்டு முழுக்க மூடாது. ஜெட்டில் ஒட்டினால் அந்தப் பக்கம் வரத்துக் குறையும். பெட்ரோல் ஜெட்டாக இருந்தால் தீர்ந்தது கதை. கூம்பு மரைக்கு டெஃப்லான் பேஸ்ட், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. கூம்பாக முகம் சேரும் ஃபிளேர் இணைப்புகளுக்கு எதுவுமே தேவையில்லை. ஆயில், கிரீஸ் நைட்ரஸ் குழாய்ப் பக்கமே போகக் கூடாது. ஆக்சிஜன் ஊட்டும் பொருளோடு எண்ணெய் சேர்ந்தால் அழுத்தத்தில் தானே பற்றிக்கொள்ளும்.

சொலினாய்டு கசிவைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: எஞ்சினை அணைத்து, பாட்டிலைத் திறந்து குழாயை நிரப்பி, மறுபடி மூடிவிட்டுக் குழாயில் உள்ள கேஜைப் பாருங்கள். 15 நிமிடத்தில் முள் இறங்கினால் எங்கோ போகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இணைப்புகளில் நுரை வரும்; எங்குமே நுரை வராமல் முள் மட்டும் இறங்கினால் நைட்ரஸ் மேனிஃபோல்டுக்குள் நிறைகிறது. அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் ஃப்யூயல் பம்ப் ஃபியூஸையும் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து வைத்து, 10 வினாடி கிராங்க் செய்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள்.

பாட்டிலின் அழுத்தம் தனிப் பாடம். உள்ளே திரவமும் அதன் ஆவியும் இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்பதைக் கேஜ் சொல்லாது. எவ்வளவு சூடு என்பதைத்தான் சொல்லும். மிச்சத்தைத் தராசில்தான் பார்க்க வேண்டும். 21 டிகிரியில் 52 பார், 30 டிகிரியில் 63 பார். 36.4 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்று ஒன்றே இருக்காது. 72 பாருக்கு மேல் விறுவிறுவென்று ஏறும். ஜெட் அட்டவணைகள் பொதுவாக 62 முதல் 65 பாரை வைத்துப் போட்டவை. குளிர்ந்த பாட்டில் கலவையை ரிச் ஆக்கும், கார் இருமும், சேதமில்லை. சூடான பாட்டில் நைட்ரஸைக் கூடுதலாகத் தள்ளும்; பெட்ரோல் ஜெட்டோ பழைய அளவையே விடும். மறுபடியும் லீன். வெயிலில் மூடிக் கிடந்த காரின் டிக்கி 36 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதால், ஓட்டுவதற்கு முன் கேஜைப் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடுவது குருட்டு வேலை. 70 பார் காட்டினால் நிழலில் ஆறவிட வேண்டும். குளிர்ந்திருந்தால் அழுத்தம் ஏறியதும் தானே அணையும் ஹீட்டர் போர்வை இருக்கிறது. புளோ லாம்பு, அடுப்பு, வெந்நீர் வேண்டவே வேண்டாம். நிரப்பும்போது எடை போட்டே நிரப்ப வேண்டும்: 4.5 கிலோ பாட்டிலில் 4.5 கிலோதான். இடம் இருக்கிறதே என்று அரை கிலோ கூட்டினால், சூட்டில் திரவம் விரிய இடமின்றி பாதுகாப்புத் தகடு உடையும். கழுத்தில் குத்தியிருக்கும் அழுத்தச் சோதனைத் தேதி காலாவதியான பாட்டிலை நிரப்பவே கூடாது.

அந்தத் தகடு 200 பார் வாக்கில் உடைந்து, உள்ளே இருப்பதை மொத்தமாக வெளியே விடுவதற்காக இருப்பது. ஹேட்ச்பேக் காரில் டிக்கியும் பயணிகள் இடமும் ஒன்றே. தகடு உடைந்தால் சில வினாடியில் காருக்குள் மூச்சுவிடக் காற்றிருக்காது. அதன் வாயிலிருந்து தரைக்குக் கீழே ஒரு குழாய் கட்டாயம் போக வேண்டும். கார்களுக்கான நைட்ரஸில் யாரும் முகரக் கூடாதென்று 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) சல்ஃபர் டை ஆக்சைடு கலந்திருப்பார்கள். கந்தக நெடி வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். மருத்துவமனை ரக வாயுவை ‘தூய்மையானது’ என்று தேடுகிறவர்கள் இந்த எச்சரிக்கை மணியை இழக்கிறார்கள். போதைக்காக முகர்வது வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்து நரம்பைக் கெடுக்கும். வெளியேறும் திரவம் மைனஸ் 88 டிகிரி. இணைப்பைக் கழற்றும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம்.

ஓட்டும்போது மூன்றாவது கியர், 3500 ஆர்பிஎம்மைத் தாண்டிய பிறகு, ஒரு தடவைக்கு 10 வினாடிக்குள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் வைட்பேண்டு மீட்டரில் 11.5-க்கும் 12-க்கும் நடுவே நிற்க வேண்டும், 12.5-ஐ நோக்கி நகர்ந்தால் காலை எடுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் கிளட்சை மிதித்து, எஞ்சினை அணைத்து, அப்படியே ஓரம் கட்டிப் பிளக்குகளைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி இருந்தால் நாக்கிங். வெள்ளி மணி போன்ற பொடிப்பொடிப் புள்ளி என்றால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, பெட்ரோல் பக்கம் எங்கே குறைகிறது என்று தேட வேண்டும். நான்கில் ஒரு பிளக் மட்டும் வெளிறியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் சரியாகப் பங்கு போகவில்லை. ஜெட்டைக் குறைத்து, நாசிலின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு மீதமிருக்கும்போது திரவம் தீர்ந்து ஆவி வரத் தொடங்கும், கார் திக்கும்; அங்கே நிறுத்தி நிரப்பிக்கொள்வதே முறை. ஓட்டம் முடிந்ததும் வால்வை மூடி, பர்ஜ் வால்வைத் திறந்து குழாயைக் காலி செய்யாமல் காரைவிட்டு இறங்கக் கூடாது.

இதெல்லாம் பந்தயத் தடத்துக்கு. பொதுச் சாலையில் பல நாடுகளில் சட்டம் அனுமதிக்காது. காப்பீட்டு நிறுவனமும், வாரண்டி தந்தவரும் பாட்டிலைப் பார்த்ததும் கைகழுவிவிடுவார்கள்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். அதில் பாட்டில் படுக்கைவாட்டில், வால்வு காரின் பின்பக்கம் பார்க்க மாட்டப்பட்டிருக்கிறது. பாட்டிலுக்குள் வால்விலிருந்து அடிப்பக்கம்வரை வளைந்து போகும் உறிஞ்சு குழாய் ஒன்று உண்டு. கார் பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும். படத்தில் உள்ளபடி மாட்டினால் குழாயின் வாய் முன்பக்கம் வந்துவிடும். பாதி பாட்டில் மீதமிருக்கும்போதே திரவத்துக்குப் பதில் ஆவியை உறிஞ்சும், எஞ்சின் ஒரு கணம் திக்கும், மறுகணம் பாயும். வால்வு முன்பக்கம், லேபிள் மேல்பக்கம், வால்வுத் தலை ஓர் அங்குலம் உயர்ந்து, பட்டிகள் காரின் தரைத்தகட்டோடு போல்ட் போட்டு, அடியில் பெரிய வாஷரோ தகடோ கொடுத்து. திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றிப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எஞ்சின் டியூனிங் தொழிலில் உள்ள சிலர்